வீட்டுக்குள் தட்டை

மாலை நாலு பத்துக்கு, பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஜெரால்டை ரோஸ்லினோடு பேச மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். திண்டிவனத்தில் புவியியல் டீச்சரான அவளுக்கு முப்பத்தாறு வயது. இவன் ஒன்பதாவது ஆள். இவனாவது அமைந்தால் போதும் என்கிற அளவுக்கு அலுத்திருந்தாள்.

"பூமி தட்டைங்க" என்றான் அவன். "ரயில்வேல இருக்கேன். விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் வரைக்கும் தண்டவாளத்துல ரசமட்டம் வச்சுப் பாத்துக்கினு வந்திருக்கேன். எங்கயும் வளையலைங்க."

"நான் உருண்டைன்னு பாடம் நடத்திக்கினு இருக்கேனே."

"ஸ்கூல்ல நடத்துங்க, அது உங்க பொழப்பு. வீட்ல மட்டும் தட்டைன்னு ஒத்துக்கினா போதும். நகைநட்டுகூட வேணாம்."

படிக்கட்டில் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ரோஸ்லின் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டாள்.

"சாவுற வரைக்குமாங்க?"