எதிர்க்கடைத் தண்ணீர்

சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், செந்தமிழ்ச்செல்வியின் கலர் மீன் கடை வாசலில் இருந்த பெரிய தொட்டியின் கண்ணாடி ஒரு தை மாதக் காலையில் உடைந்து விழுந்தது, தண்ணீர் விழவில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் வளைவில் திரும்பியபோது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்புக் கழிகள் தொட்டியில் இடித்துவிட்டன. நான்கு பக்கக் கண்ணாடியும் நொறுங்கித் தரையில் கிடக்க, தண்ணீர் மட்டும் பெஞ்சின்மேல் பெட்டி போலச் சதுரமாக நின்றது. தங்கமீன்கள் கண்ணாடி இருந்த இடம்வரை வந்து வழக்கம்போலத் திரும்பிக்கொண்டன. டிராக்டர்காரர் இறங்கி வந்து பார்த்தார். மீன் எதுவும் சாகவில்லை என்று தெரிந்ததும், ஆலையில் வரிசை நீண்டுவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். செல்வி துடைப்பம் எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினாள்.

எதிர்ப்பக்கத்துக் கடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் பெரியநாயகி. செல்வியின் கணவனுக்கு அண்ணன் மனைவி. அந்தத் தெருவில் முதன்முதலில் மீன் கடை வைத்தவள் அவள்தான். செல்வி கல்யாணமாகி வந்த புதிதில் அவள் கடையிலேயே தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு நேர் எதிரே தனிக்கடை போட்டாள். அன்றைக்கே பெரியநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. ரிஷிவந்தியத்திலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் ஜனங்கள் பஸ் பிடித்து வந்து நிற்கும் தண்ணீரைப் பார்த்தார்கள், பார்த்த கையோடு ஆளுக்கு ஒரு ஜோடி மீன் வாங்கிப் போனார்கள். “அவளுக்குத் தொட்டி ஒடைஞ்சாக்கூட நல்லதுதான் நடக்குது” என்று பெரியநாயகி தன் கணவன் கொளஞ்சியப்பனிடம் சொன்னாள். “நமக்கு ஒரு விரிசல் வுட்டா வூடெல்லாம் தண்ணி.”

அந்த வாரத்திலிருந்து அவள் கடைத் தண்ணீர் கெட ஆரம்பித்தது. காலையில் பளிங்கு போல இருக்கும். எதிர்க்கடையில் கூட்டம் சேருவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரிசி களைந்த தண்ணீராக மாறிவிடும். மீன்கள் துடுப்புகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின. சில மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில உடம்பைக் கூழாங்கல்லில் தேய்த்தன. பொன்னிறமாக இருந்தவை பழைய சுண்ணாம்புச் சுவர் போல வெளுத்தன. இந்த அடையாளங்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். அதற்குச் செய்ய வேண்டியவற்றையும் செய்தாள். தீனியைக் குறைத்தாள். குளோரின் மருந்து வாடை போகக் குழாய்த் தண்ணீரை டிரம்மில் ஒரு நாள் ஆறவிட்டு, தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மட்டும் எடுத்து மாற்றினாள். தண்ணீர் தெளிந்தது. ஆனால் எதிரே ஒரு வேன் வந்து நின்றதும் மறுபடி கலங்கியது.

வெள்ளிமலையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் போய்வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கடையைப் பார்த்துக்கொண்ட கொளஞ்சியப்பன் விகல்பமில்லாமல் சொன்னார்: “நீ இல்லாதப்ப மீனுங்க ஜம்முனு நீந்திக்கினு இருந்துச்சு. தண்ணி ஒரு தடவகூட கலங்கல.” அவள் உள்ளே போய் முகம் கழுவினாள். அதன்பிறகு எதிர்ப்பக்கம் பார்க்காமல் இருக்க, முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தாள். காதில் விழும் சிரிப்புச் சத்தமே தண்ணீரைக் கலக்கப் போதுமானதாக இருந்தது.

வெயில் காலத்தில் செல்வியின் கடையில் கூட்டம் இன்னும் பெருகியது. கண்ணாடி இல்லாததால் எல்லோரும் தண்ணீருக்குள் கையை விட்டார்கள். பொரி போட்டார்கள். மஞ்சளும் குங்குமமும் தூவிக் கும்பிட்டார்கள். செல்விக்குப் பணம் வாங்கவும் மீனைப் பையில் கட்டிக் கொடுக்கவுமே நேரம் சரியாக இருந்தது. ஒரு காலை, தெருவுக்கு இந்தப் பக்கமிருந்தே பெரியநாயகி கண்டுகொண்டாள்: அந்தத் தங்கமீன்களின் துடுப்புகள் மடங்கியிருந்தன. அவள் மனசு குளிர்ந்தது. அந்த நிமிஷமே அவள் தொட்டிகள் அத்தனையும் தெளிந்தன. அடுத்தடுத்த நாட்களில் அங்கே மீன்கள் வெளுக்க வெளுக்க, இங்கே மீன்களுக்கு நிறம் ஏறியது. அவள் வயிறாரச் சாப்பிட்டாள். கொளஞ்சியப்பனிடம் சிரித்துப் பேசினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எதிர்க்கடை மீன்கள் எல்லாமே மேலே வந்து வாயைப் பிளந்தன. முட்டைக்கண் கறுப்பு மீன் ஒன்று அடியில் சாய்ந்து கிடந்தது. சாயங்காலம் தாண்டாது என்று பெரியநாயகிக்குத் தெரிந்தது. மீன்கள் செத்தால் அந்தத் தண்ணீரும் சரிந்து சாக்கடையில் ஓடிவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு நாக்கில் வெல்லம் போல இனித்தது. இனித்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

“கைய எடுங்க. எல்லாரும் கைய எடுங்க!”

“இன்னாக்கா, வந்தவங்கள வெரட்டற?” என்றாள் செல்வி.

“மீனப் பாருடி. மூச்சுக்குத் தவிக்குது, பாரு. தண்ணி கெட்டுப்போச்சு.”

“இது சாமி தண்ணிக்கா. எப்பிடிக் கெடும்?”

“சாமி தண்ணின்னாலும் மீனு அதுலதான பேளுது? ஓசக் கொண்டா.”

ஓஸ் குழாயை விட்டுக் கால் பங்கு தண்ணீரை இறக்கினார்கள். அடியில் தேங்கிய பொரியும் குங்குமமும் அதோடு வெளியே வந்தன. பெரியநாயகி தன் கடை டிரம்மில் ஆறவைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து மெதுவாக ஊற்றினாள். கண்ணாடியில்லாத தண்ணீர் அதையும் ஏற்றுக்கொண்டு பழைய உயரத்துக்கு எழுந்து நின்றது. காற்றுக்குமிழ் மோட்டார் ஒன்றையும் கொண்டுவந்து போட்டாள். வெயில் தாழ்ந்தபோது கறுப்பு மீன் நிமிர்ந்து துடுப்பை விரித்தது.

“நான் பக்கத்துலயே இருந்தேன், எனக்குத் தெரியல. உனக்கு எப்பிடிக்கா தெரிஞ்சுது?” என்று செல்வி கேட்டாள்.

“நீ ஜனத்தப் பாத்துக்கினு இருந்த. நான் கடையத் தொறந்ததுலேருந்து சாத்தறவரைக்கும் உன் மீனத்தான் பாத்துக்கினு இருக்கேன்” என்றாள் பெரியநாயகி. செல்வி எழுந்துபோய் இரண்டு டீ சொன்னாள்.

அதனால் பொறாமை போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை; அது போகவும் இல்லை. தண்ணீரில் கை விடக்கூடாது என்று செல்வி ஒரு கயிறு கட்டினாள். கூட்டம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது. செல்வி வாரம் ஒருமுறை தெருவைக் கடந்து வந்து ஆறிய தண்ணீர் கேட்பாள், பெரியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுப்பாள். போன மாதம் மலைமேல் பள்ளிக்கூடத்து வாத்தியார் டென்னிஸ் என்பவர், பெரியநாயகியின் கடையில் ஒரு ஜோடி தங்கமீனைக் காட்டி எடுத்துக் கட்டச் சொல்லும்போதே தொட்டித் தண்ணீர் பால் போலக் கலங்கி மீன் மறைந்துபோனது. அவர் திகைத்து அவளைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லீங்க சார். எதிர்க்கடைல வேன் வந்து நிக்குது” என்று ஸ்டூலை எடுத்துப் போட்டாள். “குந்துங்க. அது கெளம்புனதும் தெளிஞ்சுடும்.”

அவர் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார்.