கறுப்பைக் களைந்த காலை

போர்த்துக்கீசியர் மூட்டை கட்டிப்போன சூடு ஆறுவதற்குள் இந்தோனேசியப் படை வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எங்கள் திமோர் மலையில் இழவுக் கறுப்பு உடுத்தாத வீடே இல்லை.

என் அண்ணன் கஸ்பாரைக் காப்பித் தோட்டத்திலிருந்து படைக்காரர்கள் இழுத்துப்போனார்கள். உடல் வரவில்லை. புதைத்து ஒரு வருஷம் ஆனதும், கல்லறையில் பூப் போட்டு, விருந்து வைத்துக் கறுப்பைக் களைவது எங்கள் வழக்கம். களைந்துவிட்டால் அதே ஆளுக்காக மறுபடி உடுத்தக் கூடாது. அண்ணனுக்குக் கல்லறை ஏது? அண்ணி அதெலினா எட்டு வருஷமாகக் கறுப்பிலேயே இருந்தார்.

சுதந்திரமா, இந்தோனேசியாவோடு இருப்பதா என்று ஓட்டுப் போடும் நாள் வந்தது. முந்தின நாள், படையின் கைக்கூலி தோமெ தெருவில் கத்திவிட்டுப் போனான்.

"நாளைக்கு எவளாவது கறுப்புத் துணியோட ஓட்டுப் போட வந்தா, பாலத்தைத் தாண்ட மாட்டா!"

கறுப்பு உடுத்தியவள் படைக்கு ஆளைப் பறிகொடுத்தவள், அவள் ஓட்டு சுதந்திரத்துக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் எங்களோடு பந்து உதைத்தவன்தான். நாசமாய்ப் போக.

காலையில் அண்ணி என் மனைவியின் சிவப்புப் பாவாடையில் வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணி இது? பூவில்லாம, விருந்தில்லாம கழட்டிட்டீங்க? அண்ணன் என்ன நாயா பூனையா?"

"கத்தாதே ஹெர்மினியோ. கறுப்போட போனா பாலத்துலயே மறிப்பானுங்க. அப்புறம் என் ஓட்டை உன் மாமனாரா போடுவாரு?"

"அப்ப தோமெ ஜெயிச்சுட்டான்."

"அதை ஓட்டை எண்ணினப்புறம் சொல்லு. இப்ப நட."

பாலத்தில் தோமெ வெட்டுக்கத்தியோடு நின்றான். "பாருங்கடா, விதவைக்கு மாப்பிள்ளை கிடைச்சுட்டான் போல!"

அண்ணி சிரித்தார். "கிடைச்சா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன், தோமெ. கல்யாண விருந்துக்குப் பன்னி நீதான் தரணும்."

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் வழிவிட்டான். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

ஓட்டுப் போட்டுத் திரும்பினோம். படை பழிவாங்க வரும் என்று ஊரே காட்டுக்கு ஓட மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கறுப்புத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் கோபம் இறங்கிவிட்டது.

"உடுத்திக்குங்க அண்ணி. இந்தக் களேபரத்துல யாரு பாக்கப்போறா?"

"வேண்டாம். எலும்பு கிடைக்கலையே, ஒருவேளை வந்துடுவாரோன்னு மனசுல ஒரு ஓரமா காத்துக்கிட்டேதான் இருந்தேன். இன்னைக்கு வரிசையில நிக்கறப்பதான் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"உயிரோட இருந்திருந்தா எனக்கு முன்னாடி நின்னிருப்பார்டா."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். அண்ணன் போன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. மூட்டையைப் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.