படுத்தால் பாடம்

தங்கை பூ வரைந்த படுக்கை விரிப்பில் படுத்து எழுந்தவர்களுக்கு எரிமலைகளைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. முதல் புகாரோடு வந்தவர் ஒரு தையல்காரர். பூப்போட்ட விரிப்புதானே வாங்கினேன், விடிந்ததும் எரிமலைக் குழம்பின் வெப்பநிலை எனக்கு எதற்கு என்று பட்டறை வாசலில் நின்று கேட்டார். முதலாளியான அவள் அண்ணன் வேறொரு விரிப்பைக் கொடுத்து அனுப்பினான். மறுநாள் அவருக்குத் தேனீக்களைப் பற்றித் தெரிந்துவிட்டது.

காரணம் ஊரறிந்தது. ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளை, கையெழுத்தும் கோலமும் அழகாக வருகிறதென்று பாதியில் நிறுத்தி, விரிப்புகளில் பூ வரைய உட்காரவைத்தவன் அந்த அண்ணன்தான். அவள் அழவில்லை. விட்டதைப் பிடித்தே தீருவது என்று முடிவுகட்டினாள். பதினோரு வருடம், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்காஸ்ட் கேட்டபடியே வரைந்தாள். ரத்த ஓட்டம், நிலநடுக்கம், வரிவிதிப்பு, எதையும் விடவில்லை. காது வழியாகப் போனதில் பாதி கை வழியாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு தவறும் நடந்தது. கேட்க வேண்டியது மலைபோலக் குவிந்துவிட்டதென்று ஒரு வாரம் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டாள். அந்த வார விரிப்புகளை வாங்கியவர்கள் எட்டு மணி நேரத் தூக்கத்தை ஐந்து மணி இருபது நிமிடத்தில் தூங்கி முடித்துவிட்டு, வேலையில்லாமல் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் அவள் மேசைக்கு வந்தான். "இனிமே காதுல அது இருக்கக் கூடாது. மீறினா இந்த மேசை உனக்கில்ல," என்றான். அவள் கழற்றிவைத்தாள். அந்த மாதம் வரைந்த பூக்கள் முதல் சலவையிலேயே உதிர்ந்து வாளியின் அடியில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அப்போதும் அவன், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான்.

ஒரு திங்கட்கிழமை அவள் அவன் கண்ணெதிரே இயர்போனை மாட்டினாள். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் விட்ட கணக்கு, நாற்பது பாகம். ஒரு நொடி தாண்டாமல், இயல்பான வேகத்தில் கேட்டுக் கேட்டு ஒரே ஒரு விரிப்பு வரைந்தாள். அண்ணன் கட்டிலில் அதை விரித்தாள். "இதுல ஒரு நாள் படுங்க. அப்புறம் மேசையை வேணும்னா எடுத்துக்கங்க," என்றாள்.

மறுநாள் பட்டறைக்கு வந்தவன் நேரே அவள் மேசைக்குப் போனான். கண் சிவந்திருந்தது. இருபடிச் சமன்பாடு அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கணக்கும் விளங்கியபோது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதும் தெரிந்திருந்தது.

"உன் படிப்பை நிறுத்தியிருக்கக் கூடாதும்மா."

"நீங்க நிறுத்தினீங்க," என்றாள் தங்கை, விரிப்பிலிருந்து தூரிகையை எடுக்காமலே. "நான் எங்கண்ணா நின்னேன்?"

இப்போது அந்தப் பட்டறையில் விரிப்பு கேட்பவர்களிடம், ஒற்றைக் கட்டிலா இரட்டைக் கட்டிலா என்று கேட்ட கையோடு என்ன பாடம் என்றும் கேட்கிறார்கள். வேதியியலுக்கு எப்போதும் தட்டுப்பாடு.