பின்னேரம் எடுக்கிறேன்

கண்டி பஸ் நிலையக் கழிவறையின் குழாயடியில் குனிந்து நின்று ஜெஸ்மின் தலைமயிரிலிருந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். விடிந்தும் விடியாத நேரம். குளிர்ந்த தண்ணீர் பிடரியில் பட்டு முதுகுக்குள் இறங்கியது. கற்பிட்டியிலிருந்து புத்தளம் வந்து, குருநாகலில் விடியற்காலைப் பஸ்ஸுக்குக் காத்திருந்து, இங்கே இறங்கியும் மயிர் இன்னும் கயிறு மாதிரி விறைத்தே கிடந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண் சிங்களத்தில் எதையோ முணுமுணுத்தாள். ஜெஸ்மின் காது மடலைக்கூட விடாமல் தேய்த்தாள். கடலுக்குள் இறங்கிவிட்டு வந்தவள் என்று வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது.

அப்பா இறந்து பதினான்கு மணித்தியாலம் ஆகியிருந்தது.

வத்தேகம டவுனைத் தாண்டி மேட்டில் ஏறும் பாதையில் அண்ணன் ரொனியின் கூட்டாளிமார் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒருவன் ஏணியிலிருந்து இறங்கிப் பையை வாங்கிக்கொண்டான். ஒன்பது மணிக்கு மலர்ச்சாலை வண்டி அப்பாவைக் கொண்டுவந்தது. முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த மனுவேல், ரொனியின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுக்குள், யாரோ வகிடு மாற்றிச் சீவிவிட்ட தலையோடு படுத்திருந்தார். ஜெஸ்மின் தன் சீப்பை எடுத்து வகிட்டைச் சரியான பக்கத்துக்கு மாற்றினாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா மரியகொறற்றி சவப்பெட்டியின் அருகே கதிரையில் அமர்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்.

"ஒரு வார்த்த சொல்லல. பகல் சாப்பிட்டாரு, படுக்கப் போனாரு. நான் முன்னுக்கு மெஷின்ல தச்சுக்கிட்டு இருந்தேன். மூன்றரைக்கு டீ கொண்டு போறேன், உயிர் இல்ல. சொல்லியிருந்தா த்ரீவீல் புடிச்சு ஓடியிருப்பேனே."

"மனுவேல் அப்படித்தான். நோவுன்னு யாருகிட்டயும் வாய் திறக்க மாட்டாரு," என்றார்கள் வந்தவர்கள். கேட்கக் கேட்க அது அப்பாவின் குணமாகவே ஆகிவிட்டது.

அவர் வாய் திறந்து சொல்லியிருந்தார். அது ஜெஸ்மினுக்கு மட்டும்தான் தெரியும்.

கற்பிட்டியில் ஒரு விடுதியில் அறைப் பதிவு பார்க்கும் வேலைக்குத்தான் அவள் போனாள். "கரையில நின்னு பாரு, உள்ளுக்கு மட்டும் எறங்காத," என்று சொல்லித்தான் அப்பா பஸ் ஏற்றிவிட்டார். சரி என்றாள். ஆறு மாதத்துக்குள், பாய் கட்டிய பலகையில் நின்று கடலில் காற்றோடு ஓடப் பழகிவிட்டாள். பழக்கியவர் நபீல், அந்த ஊர்க்காரர். இந்த வருஷம் அவர் பாய்ச்சல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அலையின் முதுகில் பலகையை ஏற்றி எழும்பி, பாயோடு சேர்ந்து முன்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, திரும்பத் தண்ணீரில் நிற்க வேண்டும். மே மாதத்திலிருந்து அவளுக்கு அது வரவில்லை. எழும்புவாள், தலை கீழே போகப்போகிறது என்று தெரிந்த கணமே கை பாயின் பிடிகம்பியை விட்டுவிடும். பாய் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஒருமுறை பாய்மரம் விழுந்து விலா இரண்டு கிழமை கறுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு பெரிய அலையைக் கண்டால் பலகையைத் திருப்பிவிடுவாள்.

"கைய உட்டாத்தான் அடி படும்," என்பார் நபீல். "பயமாத்தான் ஈக்கும். பயத்தோடயே புடிச்சிக்கங்க. பின்னுக்குப் பாருங்க, மத்தத காத்துப் பாத்துக்கும்."

அப்பா இறந்த அன்றைக்கு மத்தியானம் காற்று அவள் அதுவரை பார்க்காத மாதிரி எழும்பியது. பலகையைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கும்போதுதான் தொலைபேசி அடித்தது.

"என்னம்மா சத்தம் அது?" என்றார் அப்பா.

"ஃபேன், அப்பா."

"நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி அமத்துற மாதிரி இருக்கு. கையும் மரத்துப் போகுது."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பலாக்காய்."

"அப்ப வயித்துக் கேஸ் தான். இஞ்சித் தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க."

"அம்மாகிட்ட சொல்லவா?"

நபீல் தண்ணீருக்குள் நின்று கையசைத்துக் கூப்பிட்டார். "அவங்கள ஏன் பயப்படுத்துறீங்க," என்றாள் ஜெஸ்மின். "நான் பின்னேரம் எடுக்கிறேன், அப்பா."

"சரிம்மா. நீ வேலையப் பாரு."

தொலைபேசியைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

முதலில் ஏழெட்டு அலையை அப்படியே போகவிட்டாள். பிறகு மூன்று தடவை எழும்பி மூன்று தடவையும் விழுந்தாள். மூக்கில் உப்புநீர் ஏறி இருமிக்கொண்டு கிடந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். அடுத்த தடவை விரல்கள் தளரப் பார்த்தன. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். வானம் காலுக்குக் கீழே வந்தது, போனது. பலகை தண்ணீரில் அறைந்தது. அவள் அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள். வாய்விட்டுக் கத்தினாள். நபீல் தொப்பியைக் கழற்றி மேலே வீசினார். நேரம் மூன்றரை இருக்கும். அதற்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் அவள் கரைக்கு வரவில்லை. இன்னும் ஐந்து தடவை பாய்ந்தாள்.

கரைக்கு வந்து தொலைபேசிப் பெட்டியைத் திறந்தபோது ரொனியின் அழைப்புகள் பதினொன்று கிடந்தன.

பஸ்ஸில் ஜன்னலோரம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே உடம்பு தன்பாட்டில் அந்தச் சுற்றைத் திரும்பவும் சுற்றியது. இடுப்பு மடங்கியது, பாதம் பலகையைத் தேடியது, நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. செத்தது அப்பா, துள்ளுவது தன் நெஞ்சு. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

சாவு வீட்டில் பத்து மணிக்கு ரொனி அப்பாவின் தொலைபேசியை எடுத்துவந்தான். உறவினருக்கு அறிவிக்க இலக்கங்கள் தேடியவன் பெட்டியருகே நின்றுவிட்டான்.

"ஒங்கிட்ட பேசியிருக்காரே. ஒண்ணு அம்பதுக்கு. என்ன சொன்னாரு?"

அம்மா தலையை நிமிர்த்தினாள். ஜெஸ்மினின் வாய் தானாகச் சொன்னது. "சும்மா தான், அண்ணே. சாப்பிட்டியான்னு கேட்டாரு."

"சாப்பிட்டியான்னா கேட்டாரு?"

"ஆமாம்மா."

அன்றைக்கு முதல் தடவையாக அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அவள் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். "கடைசியா மககிட்ட தான் பேசினாரு. சாப்பிட்டியாம்மான்னு கேட்டிருக்காரு." பெண்கள் ஜெஸ்மினின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார்கள். செபமாலைக்கு வந்தவர்கள் அதைப் பாதிரியாரிடம் கொண்டுபோனார்கள். மறுநாள் அடக்கப் பூசையில் அவர் அதைப் பிரசங்கத்திலேயே சொன்னார்.

"மனுவேல் இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்ட கேள்வி, மகளே நீ சாப்பிட்டாயா என்பது. ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன செபம் வேண்டும்?"

கோயில் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். ரொனி அவள் தோளில் கை போட்டான். ஜெஸ்மின் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நற்கருணை வாங்க எல்லாரும் எழும்பிப் போனபோது அவள் மட்டும் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சேமக்காலையில் எல்லாரோடும் அவளும் ஒரு பிடி மண் போட்டாள்.

ஐந்து மணிக்கு வீடு வெறிச்சோடியது. ரொனியும் கூட்டாளிமாரும் வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றப் போனார்கள். பின்பக்கக் குழாயடியில் அம்மா பலகையொன்றில் குந்தி, கோயிலிலிருந்து இரவல் வாங்கிய கோப்பைகளைப் பிளாஸ்டிக் பேசினில் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெஸ்மின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா."

"ம்."

"அப்பா சாப்பிட்டியான்னு கேக்கல."

மரியகொறற்றி கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "வேற என்ன கேட்டாரு?"

"நெஞ்சு அமத்துதுன்னாரு. கை மரத்துப் போகுதுன்னாரு. நான் கேஸ்னு சொல்லிட்டு வச்சிட்டேன். காத்து நல்லா இருந்துச்சும்மா. கடலுக்கு எறங்குற அவசரம் எனக்கு."

கடலைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜெஸ்மின் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் முன்னுக்கு தானே இருந்தேன்," என்றாள் அம்மா, யாரிடமோ சொல்வது போல. "பத்தடி இருக்காது. அவரு தூங்கட்டும்னு மெஷின நிப்பாட்டி நிப்பாட்டி தச்சேன். முப்பத்தஞ்சு வருஷம். என்னையக் கூப்பிடல. அங்க இருந்த ஒன்னையக் கூப்பிட்டிருக்காரு."

அவள் முகம் ஜெஸ்மின் பார்த்தறியாத விதமாகச் சுருங்கிப்போயிருந்தது. மீதியைச் சொல்லாமல் விடலாம். அவளைத் தவிர அதை அறிந்த ஒரே ஆள் மண்ணுக்குள் போய்விட்டார். ஜெஸ்மின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடப் பாத்தாரும்மா. அம்மாகிட்ட சொல்லவான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். நீங்க பயந்துருவீங்கன்னு சொன்னேன்."

அம்மா எழும்பினாள். ஈரக் கை மேலே வந்தது. அடிக்கட்டும் என்று ஜெஸ்மின் முகத்தை நகர்த்தாமல் நின்றாள். அம்மா அந்தக் கையைச் சேலையில் துடைத்தாள், மற்றக் கையையும் துடைத்தாள். எவ்வளவு நேரம் துடைத்தாள் என்று தெரியவில்லை.

முன்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அப்பாவோடு கந்தோரில் வேலை செய்த ஸுமைரா, அலவத்துகொடையிலிருந்து பிந்திக் கேள்விப்பட்டு வந்திருந்தார். அம்மா உள்ளே போனாள். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பேரும் அழும் சத்தம்.

"நோவு வருத்தம்னு ஒண்ணும் சொல்லல்லயா, அக்கா?" என்றது ஸுமைராவின் குரல்.

ஜெஸ்மின் சுவரோடு ஒட்டி நின்று கேட்டாள்.

"என்கிட்ட சொல்லணும்னு தான் இருந்திருக்காரு," என்றாள் அம்மா.

"பொறகு?"

அம்மாவின் பதில் குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை. பேசின் நிரம்பி, தேயிலைத் தூள் மிதந்த தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. அது சீமெந்துத் தரையில் பரவி, ஜெஸ்மினின் பாதங்களைச் சுற்றிக்கொண்டு, வடிகால் காணுக்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.