மரண அறிவிப்பில் கற்ற பிரெஞ்சு

1

சத்தியமாகச் சொல்கிறேன், இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பிரெஞ்சு பேசும் எங்கோ ஒரு சின்ன ஊரில் காலையிலும் மதியமும் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டே ஒருத்தி அந்த ஊர்ப் பிரெஞ்சைக் கற்றுக்கொண்டால் எப்படிப் பேசுவாள்? இதுதான் என் கையிருப்பு. அது என்னை இப்படிக் கவிழ்த்துவிடும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தொடக்கம்: ஜன்னல் வழியே இளவெயில் மெல்ல எட்டிப்...

வேண்டாம். இந்தக் கதையில் வெயிலுக்கு வேலை இல்லை.

2

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட வேண்டும். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்ததுமே கணவன் அவள் போனில் ஒரு பாடத்தை ஏற்றிக் கொடுத்தான்.

"இதுதான் சுத்தமான பிரெஞ்சு. இங்க பேசறதக் கத்துக்கிட்டா நாலு பேரு சிரிப்பாங்க."

கடையில் சுத்தமான பிரெஞ்சில் அவள் விலை கேட்டாள். ஊர்ப் பிரெஞ்சில் வந்த பதில் ஒன்றும் பிடிபடவில்லை. கணவன் போனில் அதே ஊர்ப் பிரெஞ்சில் குழைந்து குழைந்து பேசுவதும் பிடிபடவில்லை. கேட்டால் ஆபீஸ் விஷயம் என்பான்.

மரண அறிவிப்புதான் கைகொடுத்தது. வாசிப்பவர் நிதானமாக, ஊர் உச்சரிப்பு மாறாமல், தினமும் அதே வாக்கியங்களை வாசித்தார். மருமகள், கொழுந்தி, பேத்தி என்று உறவுமுறை அத்தனையும் வந்துவிட்டது. கேட்டதை, கூட வேலை செய்யும் மடிப்பு மேசைக்காரியிடம் பேசிப் பார்ப்பாள்.* அந்த அம்மாள் லீவில் கிளம்பியபோது, "உங்கள் பிரிவால் வாடும் நாங்கள்" என்று நம்மவள் உருகியதில் சலவைக்கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் பெயர் ரேடியோ.

(*இருவரும் பேசுவது பிரெஞ்சு. எனக்கு அது வராது. தமிழில் பேச வைத்திருக்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.)

3

நடுவில் மாதிரிக்கு ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது. எழுதினேன்: ஓய்வுபெற்ற படகு மெக்கானிக் காலமானார். அடக்கம் சனிக்கிழமை. அவரை இழந்து வாடுவோர் மனைவி, மூத்த மகன், மருமகள், இளைய மகள், அவளுடன் வாழும்...

இங்கே ஒரு பெயர் வேண்டும். கை எழுதியதைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது. ரேடியோவின் கணவன் பெயர்! அடித்துவிட்டு வேறு பெயர் போட்டேன், ஒட்டவில்லை. போனில் அவனைக் குழைய விட்டவன் நான். ஊர்ப் பேச்சு வேண்டாம் என்று சொல்ல வைத்தவனும் நான். எழுதிய எனக்கே தெரியாமல் இன்னொருத்தியை ஒளித்து வைத்திருக்கிறான், படுபாவி.

பெயரை உங்களிடம் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அதே பெயர் இருந்தால் எதற்கு வம்பு?

4

காலையில் டீ கலக்கும்போது ரேடியோ அந்த அறிவிப்பைக் கேட்டாள். அவன் குளித்துக்கொண்டிருந்தான். அப்பா பெயரும் தாத்தா பெயரும் சேர்ந்த அந்த நீளப் பெயரை வாசிப்பவர் தட்டுத்தடுமாறித்தான் கடந்தார். அந்த ஊரில் அப்படி இன்னொரு பெயர் இருக்க வழியே இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. காதில் கோளாறு என்று மதியம்வரை தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மதியமும் அதே பெயர். விரிப்பைப் பிடித்த கை அதோடு சேர்ந்து உருளையை நோக்கிப் போயிற்று. மடிப்பு மேசைக்காரி பாய்ந்து வந்து இயந்திரத்தை நிறுத்தினாள்.

"கை போயிருக்குமேடி! செத்தவரு தெரிஞ்சவரா?"

"அவரத் தெரியாதுக்கா. கடைசியா ஒரு பேரு வாசிச்சாங்களே, அது என் வீட்டுக்காரரு."

அந்த அம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அந்த வீட்டு மாப்பிள்ளையா? ஞாயித்துக்கிழமையானா அந்தப் பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டுக் கடைக்கு வருவாரே... ஐயோ, உன் வீட்டுக்காரருன்னு எனக்குத் தெரியாதும்மா."

ஞாயிற்றுக்கிழமையானால் அவனுக்கு ஓவர்டைம்.

5

முடிவு ஒன்று: அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு... எங்கே போவாள்? அந்த ஊரில் அவள் தங்குவதற்கான காகிதமே அவன் பெயரில்தான் இருக்கிறது.

முடிவு இரண்டு: அடக்கத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருகிறாள். சினிமா. கிழித்தேன்.

முடிவு மூன்று: ஒன்றும் தெரியாதவள்போல் சோறு பரிமாறுகிறாள். இதை எழுதக் கை வரவில்லை.

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். சாயங்காலம் வந்தவன் கறுப்புக் கோட்டை அவளிடம் கொடுத்தான்.

"சனிக்கிழமை ஆபீஸ்ல மீட்டிங். கொஞ்சம் அயர்ன் பண்ணி வைம்மா."

அவள் தேய்த்தாள். காலரில்கூடச் சுருக்கம் இல்லை. அளவு பார்ப்பதுபோல் அதை அவன் தோளில் மாட்டினாள். பிறகு அந்த ஊர்ப் பிரெஞ்சில், வாசிப்பவரின் அதே நிதானத்தில் சொன்னாள்:

"உங்கள் மாமனாரின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்."

அவன் திரும்பினான். வாயைத் திறந்தான்.

அடுத்த வரியை எழுதி எழுதி அடிக்கிறேன். தமிழில் அவனுக்குப் பொய் சரளமாக வரும். ஊர்ப் பிரெஞ்சில் அவளிடம் அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்த மொழியில் பதில் சொல்வான்? எனக்குத் தெரியவில்லை. இந்தாருங்கள் பேனா, நீங்களே எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் இன்னும் அவன் எதிரிலேயே நிற்கிறாள்.