திரும்பி வந்த கம்பளி

எங்கள் குலத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆறு, அதன் இரண்டு கரை, மேலே பனி மூடிய மலை வரைக்கும். கனடா என்று ஒரு நாடு வருவதற்கு முன்பே அது எங்களுடையது. அதற்குக் காகிதம் கிடையாது, விருந்துதான் அத்தாட்சி. புதுத் தலைவன் பட்டப்பெயர் ஏற்கும்போது வெளியாரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். எல்லைகளைச் சொல்வோம். வந்தவர் கையில் ஒரு பொருளைக் கொடுப்போம். வாங்கியவன் சாட்சி. பிறகு அவன் மாற்றிப் பேச முடியாது.

அண்ணன் செத்த பிறகு போன இலையுதிர் காலத்தில் அந்தப் பெயரை நான் ஏற்றேன். ஒப்பந்தம் பேச வரும் அரசாங்கத்து ஆட்களையும் விருந்துக்குக் கூப்பிட்டோம். அவர்கள் கேட்பது இதுதான்: பள்ளத்தாக்கில் பத்தில் ஒரு பங்கும் ஓர் ஆஸ்பத்திரியும் எங்களுக்கு. மீதியை இனி என்றைக்கும் கேட்க மாட்டோம் என்று குலத் தலைவன் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர்களில் பெரியவர் ஹால்டேன் நல்ல தீனிக்காரர். புகை போட்ட சால்மன் மீனை மூன்று தட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லைகளைச் சொன்னபோது தலையாட்டினார். சாட்சிப் பொருளாக நாங்கள் கொடுத்த கம்பளியையும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அது தபாலில் திரும்பி வந்தது. அரசு ஊழியர் பரிசு வாங்கக் கூடாதாம்.

எங்கள் தரப்பில் பேசுகிறவள் என் அக்கா மகள் வெர்னா. படித்தவள்.

"அது அவங்க ஆபீஸ் விதி மாமா. பெருசு பண்ணாதீங்க."

"பரிசுன்னு எவன் சொன்னான்? அது சாட்சிக்குக் குடுத்தது."

"அது அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுமா தெரியாதான்னு பாத்துடுவோம். கம்பளிய எடுத்து வண்டியில போடு."

"கையெழுத்துப் போடத்தானே வர்றீங்க? நம்ம லொரெய்னோட பொண்ணு, பக்கத்துல ஆஸ்பத்திரி இல்லாம, பிரசவ வலியோட ரெண்டு மணி நேரம் ரோட்டுல கிடந்தா. மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. அன்றைக்கு வண்டி ஓட்டியது நான்தான்.

நகரத்து அலுவலகத்தில் ஒப்பந்தத்தை விரித்து வைத்திருந்தார்கள். அதன்மேல் கம்பளியை வைத்தேன்.

"மொதல்ல இதை வாங்கிக்குங்க. அப்புறம் பேனாவக் குடுங்க."

ஹால்டேன் சிரித்தார். "என் பேர்ல வாங்க முடியாதுங்க. அரசாங்கத்து பேர்ல வாங்கிக்கிறேன். கீழ கண்ணாடிப் பெட்டியில வச்சா அழகா இருக்கும்."

கையை நீட்டினார். பக்கத்தில் இருந்த வக்கீல் அம்மாள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வேணாம் சார். அரசாங்கம் வாங்கினா, பள்ளத்தாக்கு முழுசும் இவங்களோடதுன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். வெர்னாவைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது.

ஹால்டேன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கம்பளியத் திருப்பிட்டீங்க, சரி. தின்ன மீனை எப்பத் திருப்புவீங்க?" என்றேன்.

"சாப்பாடெல்லாம் எங்க விதியில வராதுங்க."

"எங்க விதியில வரும். நீங்க மூணு தட்டு சாட்சி."

பேனாவைத் தொடாமல் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டியில் ஹீட்டர் கெட்டுப்போயிருந்தது. பாதி வழியில் வெர்னா என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த பிரசவத்துக்கும் நீங்களே வண்டி ஓட்டுங்க."

"ஓட்டுறேன்."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

"வாங்கினா என்ன அர்த்தம்னு அந்த வக்கீலம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு மாமா."

"ஆமா."

"அடுத்த கூட்டத்துக்கு இதை நான் கொண்டு வர்றேன். அவங்க வாங்கற வரைக்கும் கொண்டு வர்றேன்."

கம்பளி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. விருந்து வைத்த குலம் தான் கொடுத்த பொருளைத் தானே போர்த்திக்கொள்ளக் கூடாது. வெர்னா அதை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.