செயின் உரசுகிற சத்தம்

அப்பாவை இடப்பக்கம் புரட்டித் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள் மகள். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற நர்ஸம்மா ஈரத்துணியால் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள். பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கிர்க். கிர்க். கிர்க். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிர்க்.

“தம்பி இன்னும் ஊர் போய்ச் சேரலையா?” என்றாள் நர்ஸம்மா. “விடிஞ்சதுலேர்ந்து மிதிச்சுக்கிட்டே இருக்காரே.”

“அவன் எங்க போய்ச் சேரப்போறான்? இருந்த இடத்துலயே ஊர் சுத்தறவன் அவன் ஒருத்தன்தான்.”

இருவரும் சிரிக்கவில்லை. அப்பாவின் எடை பாதியாகக் குறைந்திருந்தும் புரட்டும்போது ஏனோ கனத்தது. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு நாளாக அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சர்க்கரை நோய் கண் இரண்டையும் முன்பே கொண்டுபோய்விட்டது. அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளந்து அளந்து லென்ஸ் மாட்டுகிறவளால் பெற்றவர் கண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மல்லாக்கக் கிடத்தியதும் அப்பாவின் வலக்கை கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைத் தேடிப் பிடித்தது. ஆள்காட்டி விரல் கம்பியைத் தட்டத் தொடங்கியது. உள்ளே ஒரு கிர்க், இங்கே ஒரு தட்டு. நேற்று முழுக்க இப்படித்தான்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. அப்பா லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். ஸ்பேனர் கீழே விழுந்தால் எந்த அளவு ஸ்பேனர் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார் என்பார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. ஆனால் எங்கேயாவது இரும்போடு இரும்பு உரசினால் அவருக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனுக்கு எண்ணெய் விட்ட மனிதர். அவரைப் படுக்கையில் கட்டிப்போட்டுவிட்டு, காதுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சத்தத்தை ஓடவிட்டால் என்ன பாடு படுவார்? நிறுத்தச் சொல்ல வாயில்லாமல் விரலால் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.

தம்பி இருந்த அறைக்குப் போனாள். ரேஸ் சைக்கிளின் பின்சக்கரத்தை உருளை ஸ்டாண்டில் ஏற்றி, ஜன்னலைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தான். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பாவோடு ஒரு நாள் வாய் முற்றி, சட்டையைக்கூட மாற்றாமல் வீட்டைவிட்டுப் போனவன். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் வந்த சுவடு தெரியாமல் கிளம்பிவிடுவான். அப்பா வைத்த பெயர் ஓடுகாலி. இப்போது சைக்கிளில் பார்சல் கொண்டுபோகும் வேலை, லீவு நாளில் ரேஸ். அக்கா போன் செய்ததும் வந்துவிட்டான், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் வந்த நாளிலிருந்து அப்பாவின் அறைக்குள் கால் வைக்கவில்லை. நிலைவரைக்கும் வருவான், கட்டிலைப் பார்ப்பான், முகம் வெளிறித் திரும்பிவிடுவான். திரும்பியதும் மிதிப்பான். “ரேஸ் வருதுக்கா” என்பான். எந்த ரேஸ் என்று அவளும் கேட்கவில்லை.

“டேய், அந்த உரசல் சத்தத்த நிறுத்தித் தொலையேன். அப்பா தவிச்சுப்போறாரு.”

பெடல் நின்றது. “கேக்குதா அவருக்கு?”

“கேக்குதாவா? கம்பியத் தட்டித் தட்டி விரலே தேஞ்சுபோச்சு. அவரப் பத்தி உனக்குத் தெரியாதா?”

அவன் முகம் கழுவிவிட்டதுபோல் ஆனது. அப்பாவுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. அந்த அறைக்குள் போகாமலே செய்யக்கூடிய வேலை.

“ரொம்ப நாளா இருக்குக்கா. எனக்குப் பழகிடுச்சு. இரு, இப்பவே பாத்துடறேன்.”

பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். “நீ பெடலக் கையால சுத்து. மெதுவா. சுத்தினாத்தான் எங்க இடிக்குதுன்னு தெரியும்.”

அவள் தயங்கினாள். அப்பா பக்கத்தில் நர்ஸம்மா இருக்கிறாளே என்று குனிந்து சுற்றத் தொடங்கினாள். பெடலுக்குப் பக்கத்தில் பல்சக்கரங்கள் இரண்டு, பெரியதும் சிறியதும். செயினை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ளிவிட, அதற்கு மேலே கூண்டு மாதிரி இரண்டு தகடுகள். செயின் அந்தக் கூண்டுக்கு நடுவே ஓட வேண்டும். வெளித்தகட்டை உரசிக்கொண்டு ஓடியது.

“கூண்டு இன்னும் கொஞ்சம் வெளிய வரணும். பாரு, இங்க ரெண்டு ஸ்க்ரூ. இது உள்பக்கம் எவ்வளவு போகலாம்னு, இது வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம்னு. வெளிப்பக்கத்துக்கானத இடப்பக்கமாக் கால் திருப்பு திருப்பினாப் போதும். ஜாஸ்தி திருப்பினா செயின் கழண்டு ஆளக் கவுத்துடும்.”

திருப்பினான். கிர்க். கூண்டை இழுக்கும் கேபிளில் தொய்வு இருக்கிறது என்று முணுமுணுத்து, ஃபிரேமில் இருந்த சின்னக் குமிழைத் திருகிக் கேபிளை இறுக்கினான். கிர்க் சன்னமானது. இன்னும் ஒரு கால் திருப்பு.

சத்தம் நின்றது. அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். செயின் தண்ணீர்போல் ஓடியது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

“ஸ்டாண்டுல சரியா இருக்கும். ரோட்டுல மேடு ஏறும்போதுதான் நிஜம் தெரியும். ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டா நல்லது.”

“போயிட்டு வா,” என்றாள். அவள்தான் சொன்னாள். அவனுக்கும் கொஞ்சம் காற்று வாங்கினால் தேவலை என்று தோன்றியது.

அவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிலைவரைக்கும் வந்து எட்டிப் பார்த்தான். அப்பாவின் விரல் நின்றிருந்தது.

“தூங்கறாரா?”

“தூங்கட்டும். நீ கிளம்பு.”

வாசலில் ஏறி மிதித்துப் போனான். போனது உள்ளே யாருக்கும் கேட்கவில்லை.

அவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பூனால் அப்பாவின் உதட்டில் தண்ணீர் தடவினாள்.

“நிம்மதியா இருக்காப்பா? சத்தம் நின்னுபோச்சு பாருங்க.”

அப்பாவின் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

“போயிட்டானா?”

“யாருப்பா?”

“ஓடுகாலி.” மூச்சு வாங்கினார். “சத்தத்தக் காணோம்.”

கம்பிமேல் நின்றுபோயிருந்த அந்த விரலைப் பார்த்தாள். நேற்று முழுக்க, இன்று முழுக்க, ஒரு கிர்க்குக்கு ஒரு தட்டு. நிறுத்தச் சொல்லவில்லை. இருக்கிறான், இருக்கிறான் என்று கூடவே தட்டிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

“இல்லப்பா, இங்கதான் இருக்கான். பக்கத்து ரூம்லதான்.”

“பொய் சொல்லாத.”

எழுந்து வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஒரு பால் வண்டி மட்டும் நின்றது. போன் போட்டாள். மணி பக்கத்து அறை ஜன்னல் திட்டில் அடித்தது. அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும்.

“ஏம்மா, இங்க வா,” என்று நர்ஸம்மா உள்ளிருந்து கூப்பிட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

மூச்சு இழுத்து இழுத்து நின்று வந்தது. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் ஸ்பூனை எடுத்துக் கட்டில் கம்பியில் தேய்த்தாள். கிர்க். கொஞ்சம் விட்டு, கிர்க். பெடல் சுற்றும் வேகத்துக்குச் சரியாக விட்டுவிட்டுத் தேய்த்தாள். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் காதை யார் ஏமாற்றுவது? அப்பாவின் கை கம்பியோடு நகர்ந்து வந்தது. ஸ்பூனைத் தொட்டது. தடவிப் பார்த்து, அவள் விரல்களோடு சேர்த்து அதைப் பிடித்து நிறுத்தியது. அந்தப் பிடி தளர்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நர்ஸம்மாதான் எடுத்துவிட்டாள்.

வாசலில் சைக்கிளைச் சாய்க்கும் ஓசை கேட்டது. “அக்கா! மேட்டுலகூடச் சத்தமே இல்ல. வெண்ணெய் மாதிரி போகுது,” என்றபடியே வந்தவன், நர்ஸம்மா போர்வையைச் சரிசெய்வதைப் பார்த்து நிலையில் நின்றான். பிறகு முதல்முறையாக உள்ளே வந்தான். கிரீஸ் கறை படிந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பனியனில் துடைத்துத் துடைத்து, கடைசியில் அப்பாவின் பாதத்தைத் தொட்டான்.

“என்னக் கேட்டாராக்கா?”

நர்ஸம்மா அவளைப் பார்த்தாள்.

“இல்லடா. தூக்கத்துலயே போயிட்டாரு.”

“சத்தம் நின்னப்புறம் நல்லாத் தூங்கினாருல்ல?”

“ம்.”

“அதாவது செஞ்சேனே,” என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்பா அவனைக் கேட்டதை இனி ஆயுசுக்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

சித்தப்பா வந்தார். வரவேண்டிய மற்றவர்களும் வந்தார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, “அண்ணன் யாருக்கும் தொந்தரவு குடுக்காமப் போனாரு, குடுத்துவச்சவரு,” என்றார். தம்பியைப் பார்த்து, “நீ எப்பக் கிளம்பற?” என்றார்.

“நாளைக்குச் சாயங்காலம், சித்தப்பா.”

“அதானே பாத்தேன்.”

மறுநாள் காலையில் தம்பி குளிக்கப் போயிருந்தான். பழக்க தோஷம், சைக்கிளை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தான். பையில் ஸ்க்ரூடிரைவர் மேலாகவே கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அந்த இரண்டு ஸ்க்ரூவையும் பார்த்தாள். வெளிப்பக்கத்துக்கானதைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. அவன் இடப்பக்கம் திருப்பியிருந்தான். அவள் வலப்பக்கம் திருப்பினாள். கால் திருப்பு. பெடலைச் சுற்றிப் பார்த்தாள். இன்னும் ஒரு கால் திருப்பு. ஸ்க்ரூடிரைவரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

மெத்தையை வெளியே போட்டாகிவிட்டது. வெறும் கட்டில் பலகையில் உட்கார்ந்து ரப்பர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தம்பி சைக்கிளில் ஏறுவது தெரிந்தது.

கிர்க்.

“அடச்சே!” என்றான் அங்கிருந்து. இரண்டு சுற்று மிதித்துப் பார்த்தான். “திரும்ப வந்துடுச்சுக்கா! நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?”

“அது கிடக்குது விடுடா. அப்புறம் பாத்துக்கலாம்.”

“கிளம்பறதுக்குள்ள சரி பண்ணணுமே.”

“பண்ணலாம். இப்பக் கொஞ்ச நேரம் மிதி.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. மிதித்தான். அவள் விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கம்பியில் கை வைத்தாள்.

“அங்க வரைக்கும் கேக்குதாக்கா?”

“கேக்குது.”